உங்கள் கீ கீ செருப்பு

மாமா,

இன்று காலை செருப்பு ஸ்டாண்டைத் துடைக்கும்போது உங்கள் வலது செருப்பின் குதிகாலில் கை அழுந்திவிட்டது. 'கீ' என்று ஒரு சத்தம். உள்ளே வரைந்துகொண்டிருந்த பாப்பா தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள். "தாத்தா செருப்புதான்," என்றேன். "தெரியும்மா," என்று மறுபடி குனிந்துகொண்டாள்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஆயுசு முழுக்க சோல் ஒட்டியவர் நீங்கள். ரிட்டயரான பிறகும் காலையில் பஜார் வரை நடந்து, உங்களோடு சோல் ஒட்டிய பாயின் டீக்கடையில் டீ குடித்துவிட்டு வருவீர்கள். ஒருநாள் அது நின்றுபோனது. கேட்டால், "முட்டி வலிம்மா, வயசாவுதில்ல" என்பீர்கள். உங்கள் மகன் தைலம் வாங்கி வந்தார். தண்ணீர், பேப்பர், மாத்திரை எல்லாவற்றையும் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தோம். கொஞ்ச மாதத்தில் பாத்ரூம் போகவே சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று. பாப்பா நடை பழகிய நேரம். அவள் விழுவாளோ, நீங்கள் விழுவீர்களோ என்று அடுப்படியில் எனக்கு ஒரு நிமிடம் கால் தரிக்காது.

அப்புறம்தான் அந்த ரத்தக் கறை. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தரையில் பொட்டுப் பொட்டாக. உங்கள் உள்ளங்காலில் பாப்பாவின் ஹேர் கிளிப் குத்தி நின்றிருந்தது.

"மாமா, தெரியலியா உங்களுக்கு?"

குனிந்து பார்த்த உங்கள் முகத்தில் வலி இல்லை. வெட்கம்தான் இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்: "முட்டி இல்லம்மா. அன்னிக்கு பஜார்ல ஒரு செருப்பு கழண்டு போயிருக்குது. எனக்குத் தெரியவே இல்ல. ஊருக்கே ஷூ செஞ்சவன், ஒத்தச் செருப்போட போய் நிக்கிறேன். இன்னா தோஸ்த், புது ஃபேஷனான்னு பாய் கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சிட்டேன். அப்புறம் எப்டிம்மா அங்க போறது?"

மகனிடம்கூடச் சொல்லாததை என்னிடம் சொன்னீர்கள். அதற்கே முதலில் நன்றி சொல்ல வேண்டும்.

சர்க்கரையில் பாதம் மரத்துவிட்டது என்றார் வேலூர் டாக்டர். உட்கார்ந்தே இருந்ததில் தொடையும் இளைத்திருந்தது. புண்ணை ஆற்றி, பின்னால் வார் வைத்த தடித்த செருப்பு போட்டு, தினம் நடக்கச் சொன்னார். செருப்பு வந்தது. நீங்கள்தான் வாசற்படியில் நின்றுவிட்டீர்கள். "கால் தரையில பட்டுச்சா இல்லியான்னே தெரியலம்மா. பயமா கீது."

அன்று முழுக்கப் பாப்பா தன் பீப்பி வைத்த செருப்பில் கீ கீ என்று வீட்டைச் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மறுநாள் அவளுக்குச் சிறிதாகிப்போன செருப்பைக் கேட்டு வாங்கி, அதிலிருந்த பீப்பிகளைப் பிரித்தெடுத்து, உங்கள் செருப்பின் அடிக்குதியில் குழி வெட்டிப் பசை போட்டு ஒட்டினீர்கள். கால் தரையில் பட்டால் காது சொல்லிவிடும்.

முதல் நாள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பஜார் வரை நானும் வந்தேன். தெருவே திரும்பிப் பார்த்தது. பாய் கல்லாவை விட்டு இறங்கி வந்தார்.

"இன்னா தோஸ்த், ரிவர்ஸ் எடுக்கிறியா?"

"ஆமாண்டா. வயசு ரிவர்ஸ்ல போவுது. ஓரமா நில்லு."

டீக்கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் உங்கள் சிரிப்புதான் பெரிது.

அதற்குப் பிறகு பாப்பாவைப் பால்வாடிக்கு அழைத்துப் போனதெல்லாம் நீங்கள்தான். தெருமுனை வரை எனக்குச் சத்தம் கேட்கும். ஒன்று பொடிப்பொடியாய் ஓடும், ஒன்று நிதானமாய்ப் பின்னால் போகும். எட்டி எட்டிப் பார்க்கும் என்னிடம், "ரெண்டு சத்தமும் வருதில்ல? போய் வேலையப் பாரும்மா," என்பீர்கள். போன ஆடியில் மாரடைப்பு வந்து நீங்கள் எங்களை விட்டுப் போன அன்றுகூட நடந்துபோய் டீ குடித்துவிட்டுத்தான் வந்திருந்தீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆலங்காயத்தில் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். அம்மாவும் இப்போது கோயிலுக்குப் போவதில்லை. "முட்டி வலிடி," என்றாள். நான் கீழே உட்கார்ந்து, அவளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, உள்ளங்காலில் விரலால் மெல்லக் கோடு இழுத்தேன்.

"எங்க தொட்றேன், சொல்லு."

கண்ணைத் திறக்காமலே, "தொட்டியா நீ?" என்றாள்.

எதற்கும் பதறுகிறவள் நான். அன்று பதறவில்லை, மாமா. நாளைக்கு அவளை வேலூருக்கு அழைத்துப் போகிறேன். பாப்பாவின் இன்னொரு ஜோடி கீ கீ செருப்பு பரணில் இருக்கிறது. ஒட்டுவதற்குப் பாயைக் கேட்டுக்கொள்கிறேன்.