சாயம் படாத விரல்

என் கண்ணுக்கு,

நீ வாங்கி அனுப்பிய, விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் மிஷின் சரியில்லை என்று போனில் சொன்னேன். அது தப்பு. அப்பா அடக்கத்துக்கு நீ வந்திருந்தபோது இதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஆம்பூரில் வாங்கிய பழைய மிஷின் அப்பா விரலில் எண்பத்து நாலு காட்டியது. உன்னுடையதும் அதையே காட்டியது. என் விரலில் இரண்டும் தொண்ணூற்றெட்டு. "டேனரியில தோலுக்குப் போட்ட சாயம் ஏறின நகம், கம்மியாத்தான் காட்டும். பேஜார் பண்ணாதே" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். நானும் நம்பி, எண்ணெய் போட்டு அவர் நகங்களைத் தேய்த்துக்கொண்டே இரண்டு நாளைப் போக்கிவிட்டேன்.

கடைசியாக உடம்பைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். இருபது வருஷமாக பூட்ஸுக்குள் இருந்த கால்விரல் நகங்களில் துளிச் சாயம் இல்லை. ஒரு தடவை மிஷினைக் கால்விரலில் மாட்டிப் பார்த்திருக்கலாம்.

உன் அம்மா