ஓர்க்கிட் துரையின் கதையில் இல்லாத பக்கம்

கிளாக்கர் அண்ணை,

யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க மூட்டை முடிச்சோடு பாலம் கடந்து நடந்த வருஷம் அது. இங்கே கியூபெக்காரர் இந்த நாட்டை விட்டுப் பிரிவதா வேண்டாமா என்று வாக்குப் போட்டதும் அதே மாதம்தான். எழுத்துத் தெரியாதவன் வருஷங்களை இப்படித்தான் பிடித்து வைத்திருக்க வேண்டும். நேற்று மருமகள் கடையில் ஒரு ஓர்க்கிட் சாடி வாங்கிவந்து யன்னலில் வைத்துத் தண்ணீர் விட்டாள். ஊறின மரப்பட்டையின் புளித்த மணம் எழும்பியது. கதிரையைத் தள்ளிப் போட்டேன். அந்த வருஷமும் நீங்களும் ஒன்றாக நினைவில் வந்தீர்கள்.

டொக்டர் வீட்டு ஓர்க்கிட் கண்ணாடிக் கூடத்தில் நான் சாடி கழுவினேன். நீங்கள் பெயர்த்துண்டு எழுதிச் சாடிகளில் குத்தினீர்கள். வெளியே பனி, உள்ளே வேர்வை. அந்த வெள்ளைக்கார டொக்டருக்கு ஒரு தெய்வம் இருந்தது. விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்துத் துரை ஒருவர். அவரைப் பற்றிய தடித்த புத்தகத்தை டொக்டர் உங்களிடம் தந்திருந்தார். மத்தியானத்தில், சோற்றுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதை எனக்குத் தமிழில் சொல்வீர்கள். துரைக்குப் படிக்கிற வயதிலேயே ஓர்க்கிட் பைத்தியம். இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டிய பூப்படப் புத்தகம் போட்டவர். தோட்டத்தின் ஒரு மூலையில் சீனா கட்டி வைத்திருந்தார், சுரங்கத்தால் போனால் எகிப்து.

"தன்ரை தோட்ட வளவை விட்டு வெளிக்கிடாமல் உலகம் சுத்தினவர், கந்தையா."

"நாங்கள் உலகம் சுத்தி இப்ப வளவில்லாமல் நிக்கிறம்" என்றேன். சிரித்தீர்கள்.

பிறகு அந்தப் பக்கம் வந்தது. தூர தேசத்துக் காடுகளில் துரைக்குப் பூ தேடிப் போனவர்கள், உச்சிக் கொப்பிலிருந்த பூவுக்காக முழு மரத்தையும் தறித்தார்கள். கொண்டுபோக முடியாத செடிகளை, வேறு யாருக்கும் கிடைக்கக் கூடாதென்று ஆற்றில் கொட்டினார்கள். மரத்தோடு விழுந்து செத்த கூலிக்காரனின் பெயரைத் துரையின் ஆட்கள் எழுதி வைக்கவில்லை. பூவின் பெயரை எழுதினார்கள். அங்கே புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தீர்கள்.

அப்போதுதான் என் தம்பியைப் பற்றிச் சொன்னேன். வன்னிக் காட்டில் பாலை மரத்தின் கீழ் நசிந்தவன். மரம் தறிக்கக் கொந்தராத்து எடுத்தவன் மரத்தை அளந்தான். செத்தவனை யாரென்று கேட்கவில்லை. நீங்கள் சோற்றுப் பெட்டியை மூடினீர்கள்.

"முதியோர் சங்க மலருக்குத் துரையின்ரை கதையை எழுதப்போறன். அதிலை உம்மடை தம்பியின்ரை பேரையும் போடுறன். செல்லத்துரை தானே?"

"ஓம்."

எழுதியதை அடுத்த கிழமை வாசித்துக் காட்டினீர்கள். 'முல்லைத்தீவுக் காட்டில் இறந்த செல்லத்துரையும் இந்தத் தோட்டத்துக்குள்தான் புதைந்திருக்கிறான்' என்று முடிந்தது. ஒருமுறை கேட்டால் எனக்குப் போதும், மறக்காது.

மலர் வந்தது. "எங்கை அண்ணை?" என்று கேட்டேன். நீங்கள் தாளைப் புரட்டி ஒரு இடத்தில் விரலை வைத்தீர்கள். "உதிலை இருக்கு." அந்த மூலையை மடித்துக்கொண்டேன். மார்கழியும் தையும் அதைக் கோட்டுப் பைக்குள்ளேயே கொண்டு திரிந்தேன். சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டட லிப்டில், கோயில் அன்னதான வரிசையில், தெரிந்தவர் தெரியாதவருக்கெல்லாம் விரித்து, "இது என்ரை தம்பி" என்று காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். 

தையல்கடை வைத்திருந்த முஸ்லிம் நானாதான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு, இரண்டாம் தரமும் பார்த்தார்.

"அண்ணை, கோவிக்க வேணாம். இது வருமான வரிப் பத்திரம் நிரப்பித் தாற ஆளுட விளம்பரம்."

கதை முழுவதையும் வாசிக்கச் சொன்னேன். சீனா இருந்தது, எகிப்து இருந்தது. மரமும் இல்லை, தம்பியும் இல்லை.

மறுநாள் காலையில் உங்களிடம் வந்தேன். தலையை நிமிர்த்தாமல் சாடிக்குள் வைக்கிற பாசியைப் பிய்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "மகன் கொழும்பிலை நிக்கிறான். அவனை இங்கை எடுக்கிற கேசுக்கு டொக்டர் கடிதம் தாறன் எண்டவர். அவரின்ரை துரையைப் பழிச்சு எழுதினது ஆரும் சொல்லி அவர் காதிலை விழுந்தால்?"

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் நீர் விட்டிருப்பீரோ?"

"ஓம். விட்டிருப்பன்."

நீங்கள் அடுத்த சாடியை எடுத்தீர்கள்.

பிள்ளைக்காகப் பயந்ததில் எனக்குக் கோபமில்லை, அண்ணை. கதையிலிருந்து தம்பியை எடுத்ததைக்கூட விழுங்கிவிடுவேன். அந்த விரல்தான் அருவருப்பு. எழுத்துத் தெரியாதவனின் கண்ணுக்கு முன்னால், கொஞ்சமும் நடுங்காமல், வரிக்காரனின் விளம்பரத்தில் வைத்த விரல். துரை தூர இருந்து செய்ததை நீங்கள் பக்கத்தில் நின்று செய்தீர்கள். உங்கள் செத்த வீட்டில் வாய்க்கரிசி போடும்போதும் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன்.

டொக்டர் கடிதம் எழுதாமலே போய்ச் சேர்ந்தார். உங்கள் மகன் இன்னும் கொழும்பில்தான். அந்தப் பக்கம் என் மனதில் ஒரு சொல் குறையாமல் இருக்கிறது. கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். மருமகள் கேட்பதில்லை.

இதை அறிந்த நானாவும் போன நோன்புக்கு முன்னம் மௌத்தாகிவிட்டார். அச்சுக்குக் கொடுக்க உங்கள் கிறுக்கலைத் திருத்தி எழுதினவர், செல்லத்துரை என்று ஒருமுறை முழுதாக எழுதி, பிறகு உங்கள் சொல்லுக்காக அந்தத் தாளை எடுத்து விட்டவர், இன்றைக்கு நான் சொல்லச் சொல்ல ஒன்றையும் விடாமல் இதை எழுதுகிறவர், அறிந்தவர்களில் அவர் ஒருவர்தான் மிச்சம். அது உங்கள் மனைவி பராசக்தி.