ஒரு கணினிக்கு மட்டும்

மார்ச் 5, புதன்

அன்புள்ள சுண்டு,

நேற்றுக் காலை பத்தரை மணிக்கு, உங்கள் கம்பெனி விளையாட்டுக்காகவே என்னிடம் வாங்கிப்போன நாற்பத்தொரு கணினிகளிலும் அந்த விளையாட்டு ஒரே நேரத்தில் நின்றுபோனது. திரையில் ஒரு வரி மட்டும் வருகிறது: "உங்கள் இயங்குதளம் நம்பகமானதல்ல." மற்ற விளையாட்டுகள் எல்லாம் ஓடுகின்றன. உங்களுடையதுதான் கதவைச் சாத்திக்கொண்டது.

நலம் விசாரிக்காமல் ஆரம்பித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அம்மாவின் முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இதையெல்லாம் போனில் கேட்டிருக்கலாம். ஆனால் உன் கையில் இருப்பது கம்பெனி கொடுத்த போன். அதில் உடம்பைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டும்தான் பேச வேண்டும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால்தான் கூரியர்.

என் பிழைப்பு உனக்குத் தெரிந்ததுதான். ஆபீஸ்களில் கழித்துப்போடும் கணினிகளை மொத்தமாக எடுத்து, துடைத்து, விண்டோஸுக்குப் பதில் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு விற்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் "இதுல கேம் ஓடுமா?" என்று யாராவது கேட்டால், பேச்சை மாற்றி விசைப்பலகையின் அழகைக் காட்டுவேன். அப்போதெல்லாம் சீட்டாட்டத்தைத் தாண்டி ஒன்றும் ஒழுங்காக ஓடாது. பிறகு என்ன மாயமோ, விண்டோஸுக்கென்று எழுதியவை லினக்ஸிலும் ஓட ஆரம்பித்தன. முதலில் பத்தில் இரண்டு ஓடியது, அப்புறம் ஐந்து, இப்போது ஒன்பது. சிலது அங்கே ஓடுவதைவிட இங்கே வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஐம்பது வயதில் நானே திரையில் துப்பாக்கி பிடித்துச் சுட்டுப் பார்த்துத்தான் விற்கிறேன். வாங்க வருகிறவரையும் ஒரு மணி நேரம் கடை நாற்காலியில் உட்காரவைத்து, அவருடைய விளையாட்டை அவரே ஆடிப் பார்த்த பிறகுதான் பெட்டியைத் தூக்க விடுவேன். என் கடைக்கு வேறு விளம்பரம் கிடையாது.

நேற்று மதியம் அந்த நாற்காலியைச் சுற்றிப் பதினாறு பேர் நின்றார்கள். தையல்கடை அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஏம்மா, மிசினு என்னைப் பாத்து நம்பிக்கை இல்லைன்னு சொல்லுது. நான் யாரை ஏமாத்துனேன்?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் நின்றவர், "ஏமாத்துனது நீங்க இல்லண்ணே" என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே.

சுண்டு, எனக்குப் பயமாக இருக்கிறது. கடை வைத்த முதல் நாளில்கூட எனக்கு இப்படி இருந்ததில்லை. என்னிடம் முதல் என்று இருப்பது என் வாய் வார்த்தை மட்டும்தான். அது பொய்த்தால் இந்தப் பழைய இரும்பை எவர் வாங்குவார்?

அந்தக் கம்பெனியில் கள்ளாட்டக்காரர்களைப் பிடிக்கிற பிரிவில்தானே நீ இருக்கிறாய். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். இது உன் கைவேலையா?

அக்கா


மார்ச் 8, சனி

அன்புள்ள அக்காவுக்கு,

ஆமாம். என் கைதான்.

கள்ளாட்டம் ஆடுகிறவர்களில் சிலர் லினக்ஸ் வழியாக வந்தார்கள். சிலர்தான். தெருவில் நாலு திருடர்கள் என்றால் தெருவையே அடைத்துவிடுவது எங்கள் மேலிடத்து வழக்கம். நான் வாதாடினேன். "நீ எழுதுறியா, இல்ல வேற ஆளை வச்சு எழுதிக்கட்டுமா?" என்று கேட்டார்கள். எங்கள் பிரிவில் ஐந்து பேர் இருந்தோம், இப்போது மூன்று பேர். மூன்று வருஷ ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எழுதிக் கொடுத்தேன்.

உன்னிடம் முன்கூட்டியே சொல்ல எனக்கு அனுமதி இல்லை. சொல்லாமல் சொன்னேன். போன மாதம் போனில், "இப்ப புதுச் சரக்கு எடுக்காதக்கா, மழை வர்ற மாதிரி இருக்கு" என்றேன். "மழைக்கும் கம்ப்யூட்டருக்கும் என்னடா சம்பந்தம், தூங்கப் போ" என்று வைத்துவிட்டாய்.

ஒன்று மட்டும் உனக்குத் தெரிய வேண்டும். லினக்ஸில் எங்கள் விளையாட்டு ஓடாது என்று கம்பெனி அறிவித்திருக்கிறதே, அது பொய். நன்றாக ஓடும். எங்கள் சோதனை அறையில் பாதிக் கணினிகள் லினக்ஸ்தான். சோதனை செய்கிறவர்களுக்கு மட்டும் ஒரு சொல் உண்டு. விளையாட்டைத் திறக்கும் கட்டளையோடு அதைச் சேர்த்துவிட்டால் கதவு திறந்துவிடும்.

அந்தச் சொல்லை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உன் ஒரு கணினிக்கு மட்டும். உன் கடையை இது காப்பாற்றாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ ஊருக்குச் சொன்னது பொய்யில்லை என்று நீயாவது கண்ணால் பார்த்துக்கொள். பார்த்ததும் தாளைக் கிழித்துவிடு. மறுபடியும் சொல்கிறேன், ஒன்றுக்கு மட்டும்.

பயம் எனக்கும் இருக்கிறது அக்கா. கேண்டீனில் யாராவது பின்னால் வந்து நின்றால் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.

சுண்டு


மார்ச் 13, வியாழன்

அன்புள்ள சுண்டு,

நல்ல சேதி முதலில். திங்கட்கிழமை உன் கடிதம் வந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நீ கொடுத்த சொல்லைப் போட்டேன். ஓடியது. இருபது நிமிஷத்தில் நாலு முறை செத்தேன், அவ்வளவு சந்தோஷமாக. தாளையும் கிழித்துவிட்டேன்.

இனி கெட்ட சேதி. எந்தக் கணினியில் போடப்போகிறேன் என்று நீ கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. என் கடையில் தாய்ப்பெட்டி என்று ஒன்று உண்டு. எல்லாவற்றையும் அதில் ஒரு முறை சரியாகப் போட்டு வைத்துக்கொண்டு, மற்ற பெட்டிகளுக்கெல்லாம் அதிலிருந்து அப்படியே பிரதி எடுத்துவிடுவேன். ஒவ்வொன்றாக உட்கார்ந்து செய்து கட்டுப்படியாகாது. என்னுடையது என்று சொல்ல இருக்கும் ஒரே கணினியும் அதுதான்.

அன்றைக்கே மூன்று பேர் பெட்டியோடு வந்து, "எதையாவது அழிச்சுப் போட்டுப் பாரும்மா" என்று நின்றார்கள். அவர்கள் வாயை அடைக்கப் பிரதி எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். வீட்டுக்குப் போனதும் ஒருவர் போன் செய்தார். "அக்கா, ஓடுதுக்கா! கெட்டிக்காரி நீங்க!" பிரதியோடு உன் சொல்லும் சேர்ந்தே போயிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எல்லாம் மறதியில் நடந்தது என்று எழுதினால் நீ நம்புவாய். முதல் மூன்றுக்குத்தான் அது உண்மை. நான்காவதாக வந்தவர் தையல்கடை அண்ணன். அவருக்குத் தெரிந்தேதான் போட்டேன். ஆடி முடித்துவிட்டு, "மிசினுக்கு இப்பதான் என்னை அடையாளம் தெரிஞ்சிருக்கு" என்று சிரித்தார். அவருக்குப் போட்டுவிட்டு ஐந்தாவது ஆளிடம் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? நேற்றைக்குள் நாற்பத்தொன்றும் முடிந்துவிட்டது. என் முதுகும் முடிந்துவிட்டது.

இன்று காலை ஒருவர் வந்தார். எங்கள் தெரு முழுக்கச் சேறு, ஆனால் அவர் ஷூவில் ஒரு பொட்டு இல்லை. காரிலேயே வாசல்வரை வந்திருக்க வேண்டும். பழைய கணினி வேண்டும் என்றார். வழக்கப்படி உட்காரவைத்தேன். மனிதர் ஆடவே இல்லை. விளையாட்டின் அமைப்புகளைத் திறந்து படித்தார், போனில் படம் எடுத்துக்கொண்டார்.

"நல்லா ஓடுதே. யார் போட்டுக் குடுத்தது?"

"நான்தான் சார்."

"நீங்களேவா? எங்க கத்துக்கிட்டீங்க?"

"பொழைப்பு சொல்லிக் குடுத்தது."

"பொழைப்பு ரொம்ப உள்ள வரைக்கும் சொல்லிக் குடுத்திருக்கே," என்று சிரித்தார். ஒன்றும் வாங்கவில்லை. எழுந்து போகும்போது மேஜைமேல் ஒரு கார்டை வைத்துவிட்டுப் போனார். அதில் உங்கள் கம்பெனிச் சின்னம் இருக்கிறது. தங்கியிருக்கும் ஓட்டலின் பெயரைப் பேனாவால் எழுதியிருக்கிறார்.

அவர் போன பிறகு ஒருவரிடம் மௌஸுக்கு மானிட்டர் விலையைச் சொன்னேன். தாய்ப்பெட்டியிலிருந்து சொல்லை எடுத்துவிட்டேன், ஆனால் நாற்பத்தொன்றும் வீடுகளில் இருக்கின்றனவே. திருப்பிக் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். கடை வாசலில் கார் மெதுவாகப் போனாலே எழுந்துபோய் எட்டிப் பார்க்கிறேன். என்ன செய்யட்டும் என்று உடனே எழுது.

அக்கா


மார்ச் 15, சனி

அக்கா,

இதற்குப் பதில் போடாதே.

அந்தச் சொல் எல்லாருக்கும் பொதுவானதில்லை. சோதனை செய்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒன்று தனியாக உண்டு. உனக்குக் கொடுத்தது என்னுடையது. ஒரு கணினி என்றால், வெளியிலிருந்து நான்தான் சோதித்தேன் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். ஒரே நேரத்தில் நாற்பத்தொரு வீட்டில் நான் உட்கார்ந்து ஆடினேன் என்று எப்படிச் சொல்வது?

யாருடைய சொல் என்று மேலிடத்துக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் என் பிரிவில் மற்ற இருவரை முதலில் கூப்பிட்டு விசாரித்தார்கள். வெளியே வந்த இருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் முறை செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. வேலை போனால் போகட்டும். ஆனால் வழக்குப் போடுவார்களாம். ரகசியத்தை வெளியே கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் கையெழுத்திட்ட தாளிலேயே இருக்கிறது. அதை எடுத்துப் படித்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்துக்குமேல் படிக்க முடியவில்லை.

ஒன்றுக்கு மட்டும் என்று இரண்டு முறை எழுதியிருந்தேனே. நாற்காலியில் உட்கார்ந்தவர் முகமெல்லாம் உனக்குத் தெரிந்தது. என் முகம் தெரியவில்லையா?

தம்பி


மார்ச் 17, திங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

பதில் போடாதே என்றாய். இந்த ஒன்றுக்கு மட்டும் அனுமதி வாங்கியிருக்கிறேன். ஓட்டல் வரவேற்பறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஷூக்காரர் எதிரில் இருக்கிறார். அவர் படித்துப் பார்த்த பிறகு அவர் கையாலேயே உன்னிடம் வரும். ஆகவே இதில் நிறைய எழுத முடியாது.

காலையில் உன் கடிதத்தைப் படித்ததும் கடையைப் பூட்டிவிட்டு நேராக இங்கே வந்தேன். பொய் சொல்லவில்லை. "ஒரு கணினிக்கு மட்டும்னு குடுத்தான். நாப்பத்தொண்ணுல போட்டது நான்" என்றேன்.

"அதனால என்னம்மா? குடுத்தது குடுத்ததுதானே" என்றார்.

"வழக்குப் போடுவீங்களா சார்?"

"போடாம?"

இருபது வருஷம் பேரம் பேசிய வாய், அது பாட்டுக்குப் பேசியது. "போடுங்க சார். லினக்ஸ்ல இது ஓடவே ஓடாதுன்னு உங்க கம்பெனி ஊரெல்லாம் சொல்லியிருக்கு. எங்க பக்கத்துல நாப்பத்தொரு வீட்டுல சொகமா ஓடுது. அத்தனை பேரும் சாட்சிக்கு வருவாங்க. கோர்ட்டுல பெட்டியைத் தெறந்து ஆடிக் காட்டச் சொன்னா, எங்க தையல்கடை அண்ணன் நல்லாவே ஆடுவாரு. ஓடுறதை ஏன் ஓடாதுன்னு சொன்னீங்கன்னு அப்புறம் உங்களைத்தான் கேப்பாங்க."

அவர் பேனாவை மூடினார். எழுந்து வெளியே போய் இரண்டு முறை போன் பேசினார். அவர் திரும்பி வரும்வரை நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, இங்கே தரை துடைக்கிற அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

உன் முகம் தெரியவில்லையா என்று கேட்டாய். அந்த நேரத்தில் தெரியவில்லை. இதற்கு அழகாக வேறு பதில் சொல்ல எனக்குத் தெரியாது.

யார் சொன்ன முதல் விலைக்கும் நான் ஒத்துக்கொண்டதில்லை, அது உனக்குத் தெரியும். இன்று ஒத்துக்கொண்டேன். ஒரே ஒரு இடத்தில்தான் இழுத்துப் பிடித்தேன். பேசி முடித்தது இது.

உன்மேல் வழக்கு இல்லை. நாளை பத்து மணிக்கு ஒரு தாளை நீட்டுவார்கள், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. உன்னை வேறு பிரிவுக்கு மாற்றுவார்கள், சம்பளம் குறையும், வேலை நிலைக்கும். நான் இரண்டு நாளில் வீடு வீடாகப் போய் நாற்பத்தொன்றிலிருந்தும் அந்தச் சொல்லை அழிக்க வேண்டும். காரணம் சொல்லக் கூடாது. அந்த விளையாட்டு லினக்ஸில் ஓடி நான் பார்த்ததே இல்லை, யார் கேட்டாலும். ஒப்பந்தம் முடியும்வரை, அதாவது இன்னும் இரண்டு வருஷம் பத்து மாதம், நமக்குள் கடிதம் இல்லை, போன் இல்லை, நேரில் பார்ப்பதும் இல்லை. அம்மாவுக்கு மட்டும் விலக்கு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணியிலிருந்து பதினொன்றரை வரை நீ அம்மாவோடு பேசலாம். அந்த அரை மணி நேரம் நான் வீட்டில் இருக்கக் கூடாது.

அக்கா