அவசரம் எங்களுக்குத்தான்

இன்று காலை மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது என் இடுப்பில் போன் அடித்தது. உன் மகள்தான். ஹட்டனில் கம்பியூட்டர் வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறாளாம். பேசிவிட்டுப் பக்கத்து நிரையைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே நீ நின்றிருக்க வேண்டும்.

கொரோனா காலத்தில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. பாடமெல்லாம் போனில் வந்தது. நாம் குடியிருக்கும் லயத்து வீடுகளிலோ சிக்னல் கிடையாது. உன் மகள் கோயிலுக்கு மேலே உள்ள பாறையில் குடை பிடித்து உட்கார்ந்து படித்தாள். மழை வலுத்தால் அன்றைய பாடம் போச்சு. அப்போது தொடங்கியது உன் கோபம். எதிர்ப்பட்ட அதிகாரியிடமெல்லாம் போன் டவர் கேட்டாய்.

"கூரை ஒழுகுது, ஒனக்கு டவரா?" என்று நான் சிரித்தேன்.

"ஒழுகுற கூரைய படம் புடிச்சு நாலு பேருக்குக் காட்டணும்னாலும் அது வேணும் புள்ள" என்றாய்.

தோட்டத்து மண்டபத்துக்கு வந்த அதிகாரி பொறுமையாகத்தான் விளக்கினார். நம்முடையது ஏழை நாடு. முதலில் தண்ணீர், பிறகு ரோடு, இன்டர்நெட் எல்லாம் கடைசியில். நீ எழுந்தாய்.

"எங்க தாத்தா காலத்துலருந்து எங்களுக்கு எல்லாமே கடைசியிலதான் வந்துச்சு சேர். டவுன் புள்ளைங்க படிச்சு முடிச்சப்புறம் எங்க புள்ளைங்களுக்குக் குடுத்து என்ன பிரயோசனம்? ஏழை நாடுன்னா மொதல்லயே குடுங்க. படிச்ச புள்ளைங்கதானே நாட்டத் தூக்கணும்? பின்னால நிக்கிறவங்களுக்குத்தான் அவசரம்."

அடுத்த மாசியில் மலையில் குளவிக்கூடு கலைந்தது. எல்லோரும் ஓடினோம். உனக்குத் தலையிலும் கழுத்திலும் கொட்டு. மூச்சு இழுத்தது. அம்புலன்ஸைக் கூப்பிட உன் வீட்டுக்காரர் சிக்னல் தேடிப் பாறைக்கு ஏறினார். வண்டி வந்து சேர்ந்தபோது நீ என் மடியில் அடங்கியிருந்தாய். "கொஞ்சம் முந்திக் கூப்பிட்டிருந்தா..." என்றார் ஆஸ்பத்திரி டொக்டர்.

காரியம் முடிந்ததும் அதே அதிகாரி துக்கம் விசாரிக்க வந்தார். "எல்லாம் படிப்படியாச் செய்வோம்மா" என்றார்.

"அவ எந்தப் படியில செத்தா சேர்?" என்று கேட்டேன்.

மறுநாள் பெண்கள் எல்லோரும் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் கூடைகளைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தோம். தோட்டத்தை நடத்தும் தொரை மிரட்டினார். சம்பளம் இல்லை என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. மலையில் கொழுந்து முற்றிக்கொண்டே போனது. அதற்குப் பிறகுதான் டவருக்கு இடம் அளக்க ஆட்கள் வந்தார்கள்.

இப்போது ரோடு கேட்கிறோம். "டவர் குடுத்தோமே, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்கிறார்கள். அவசரம்தான் என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். முன்பெல்லாம் சேர் முன்னால் நின்றால் எனக்குக் குரலே வராது, உனக்குத் தெரியும். நீ போன பிறகு வருகிறது. கேட்பதற்கு நான் வெட்கப்படுவதில்லை. இனி எவர் சொன்னாலும் வரிசையின் கடைசியில் போய் நிற்கவும் மாட்டேன்.