‘ம்’ நின்றால் தூக்கிக்கொண்டு வாங்கோ

எங்கடை டொக்டரக்காவுக்கு,

எப்படி இருக்கிறியள் அக்கா? போன இடத்தில் சுகந்தானே? அங்கேயாவது உங்களை இருந்து ஆறுதலாய் ஒரு பிடி சாப்பிட விடுகிறார்களா? இல்லாவிட்டால் அங்கேயும் யாரோ ஒரு தாய் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறாளா?

நான்தான், புத்தூர் செல்லத்துரை. வதனியின் தகப்பன். நீங்கள் கண்மூடின முப்பத்தோராம் நாளுக்கு நினைவுப் புத்தகம் ஒன்று அடிக்கிறார்களாம். உங்களிடம் பிள்ளை காட்டின ஆட்கள் ஏதாவது எழுதித் தரலாம் என்றார்கள். எனக்கு எழுத்துக்கும் தூரம், வாசிப்புக்கும் தூரம். நான் சொல்லச் சொல்ல என்ரை மனுசி தவமணிதான் எழுதுகிறாள். என் கதையைப் பள்ளிக்கூடத் தமிழாக்கித்தான் தாளில் விடுகிறாள். நான் கொஞ்சம் விலகிப் போனால் பேனையால் மேசையில் தட்டுகிறாள்.

இங்கே பரவாயில்லை அக்கா. சமாதானம் பேசுகிறார்கள் என்று சொல்கிறார்கள். கடையில் குளிக்கிற சவுக்காரம் கண்ணால் பார்க்கக் கிடைக்கிறது. மருதனார்மடச் சந்தையில் கத்தரிக்காய் குவிந்து கிடக்கிறது, வாங்கத்தான் ஆள் இல்லை. இந்த முறை என் புகையிலை நல்லாய்த்தான் வந்தது. அதற்குத் தண்ணீர் இறைத்த கதை தனிக்கதை, மெசின் பாதியில் நின்று... இதோ, தட்டுகிறாள்.

குழந்தைப்பிள்ளை டொக்டர் என்றால் ஊசி போடுகிறவர் என்றுதான் நாங்கள் முதலில் நினைத்தோம். நீங்கள் கிழமைக்கொரு தடவை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் வந்து, முகட்டு வளையில் தராசைக் கட்டிப் பிள்ளைகளை நிறுக்கத் தொடங்கினபோது, நானும் வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன். நீங்களோ பிள்ளையை நிறுத்த கையோடு, தாயின் குசினியில் என்ன இருக்கிறது என்று விசாரித்தீர்கள். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி அடுப்படியில் வைக்கிற வழக்கம் எங்கள் எல்லோரிடமும் இருந்தது. பொருளாதாரத் தடைக்குள் ஒரு போத்தல் எண்ணெய்க்கு நாங்கள் பட்ட பாட்டுக்கு, அதைக் கண்பார்வையில் வைக்காமல் என்ன செய்வது? "பிள்ளைக்கு அது சோடாத்தான். வேறை போத்தலிலை விட்டு உறியிலை தூக்குங்கோ" என்று நீங்கள் சொன்ன பிறகுதான், எங்கள் பிள்ளைகள் எவ்வளவு காலமாக அதற்குப் பக்கத்தில் தவழ்ந்து திரிந்தார்கள் என்று எங்களுக்கு விளங்கியது. அன்றைக்குப் பொழுதுபட முதல் ஊர் முழுக்கப் போத்தல்கள் உறியில் ஏறிவிட்டன.

இப்போது வதனியின் கதைக்கு வருகிறேன்.

அவளுக்கு அப்போது நாலு வயது. சின்னமுத்து அம்மைக்கு ஊசி போடவேண்டிய பருவத்தில் நாங்கள் சண்டைக்குப் பயந்து பெட்டி படுக்கையோடு கோயில் கோயிலாக இருந்தோம். அதனால் அந்த ஊசி தவறிப் போயிற்று. மாசிப் பனியோடு காய்ச்சல் வந்தது, கண் சிவந்தது, காதுக்குப் பின்னாலிருந்து முகமெல்லாம் முத்துப் போட்டுவிட்டது. எங்கள் பக்கத்தில் அதை வருத்தம், நோய் என்று சொல்வதில்லை என்று உங்களுக்குத் தெரியும். அம்மாள் வந்திருக்கிறா என்றுதான் சொல்லுவோம். வாசல் படலையில் வேப்பிலை கட்டினோம். மீனும் இறைச்சியும் வீட்டுக்குள் வராது, தாளிதம் இல்லை, வெளியாட்கள் வருவதில்லை, மருந்து இல்லை. எல்லாம் இறங்கித் தலைக்குத் தண்ணீர் வார்க்கும் வரைக்கும் பிள்ளை படலை தாண்டக்கூடாது.

தவமணி அதில் உறுதியாக நின்றதற்குக் காரணம் இருந்தது. சின்ன வயதில் அவளுடைய தம்பியை இதே வருத்தத்தோடு வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு அவனை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. தண்ணீர் வார்க்க முன்னம் கொண்டுபோன குற்றம் என்று அந்த வீட்டில் கடைசி வரைக்கும் சொல்லிச் சொல்லி அழுதார்கள். (இதை எழுத வேண்டாம் என்கிறாள். எழுது என்கிறேன். எழுதுகிறாள்.)

அந்தக் கிழமை வதனி தராசுக்கு வரவில்லை என்று கண்டு, நீங்களே தேடி வந்தீர்கள். வேப்பிலையைக் கண்டதும் சைக்கிளைப் படலைக்கு வெளியிலேயே சாத்திவிட்டு, கிணற்றடிக்குப் போய்க் கைகால் கழுவிவிட்டு, முற்றத்தில் நின்றீர்கள். தவமணி கதவுக்குப் பின்னால் நின்று என்னை உள்ளே கூப்பிட்டாள். அவ குருநகர் ஆள், வேதக்காரர், கடற்கரை வீடு, மீன் மச்சம் புழங்குகிற கை என்று மெல்லத்தான் சொன்னாள். ஆனால் உங்கள் காது குழல் வைத்துக் கேட்டுப் பழகின காது அல்லவா?

நீங்கள் கோபிக்கவில்லை. "இது எங்களுக்குத் தவக்காலம், பிள்ளை" என்று முற்றத்தில் நின்றே சொன்னீர்கள். "எங்கடை வீட்டுச் சட்டியிலையும் இப்ப மரக்கறிதான். அம்மாள் என்னைப் பாக்கமாட்டன் எண்டால் நான் போறன். ஒண்டு மட்டும் சொல்லும். அம்மாள் தண்ணி குடிக்கிறாவோ?"

தவமணி உள்ளே திரும்பிப் பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளைக்கு இருமல் இருந்தது. இளநீர் குளிர்ச்சி, சளியைக் கூட்டிவிடும் என்று பயந்து, வாயை நனைக்கிற அளவுக்குத்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள். தாய் மனம் அக்கா, காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் செய்தது.

"இந்த நேரம் அம்மாளுக்குச் சரியான தண்ணி விடாய்" என்றீர்கள். "நாக்கு வறண்டு போச்செண்டால் அவ என்ன செய்வா, பாவம். இளநியை இளஞ்சூடாக்கிக் குடும். கஞ்சித்தண்ணி குடும். எல்லாம் நீர் வைச்சிருக்கிற சாமான்தான், நான் ஒண்டும் கொண்டு வரேல்லை."

அந்தச் சொல்லுக்குத்தான் அவள் கதவைத் திறந்தாள். பாயோடு பிள்ளையை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். நீங்கள் பிள்ளையின் சட்டையை உயர்த்தி, நெஞ்சில் கை வைக்காமல், அவள் மூச்சு விடுவதைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு எங்கள் இருவரையும் குனிந்து பார்க்கச் சொன்னீர்கள். விலாவுக்குக் கீழே உள்ளுக்கு இழுத்துக் குழி விழுகிறதா என்று பாருங்கோ, இப்போது இல்லை, விழுந்தால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதேங்கோ என்றீர்கள். கண்ணுக்கென்று ஒரு குளிசையின் நுனியை வெட்டி, உள்ளே இருந்த எண்ணெயை நாக்கில் விட்டீர்கள். மீனெண்ணெயோ என்று தவமணி கேட்டாள். கரட் கிழங்கில் இருக்கிற சத்து என்றதும் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

போகும்போது என் பக்கம் திரும்பினீர்கள். "தம்பி, நீங்கள் கதை சொல்லுறனீங்களாமே. நாலு பேர் இருந்தால் விடியும் மட்டும் விடமாட்டியளாம்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஓம், கொஞ்சம் என்றேன்.

"உவளுக்குச் சொல்லுங்கோ. ஒவ்வொரு ‘ம்’முக்கும் ஒரு மிடறு பருக்குங்கோ. நித்திரை கொண்டால் கொள்ளட்டும், கொஞ்சத்தாலை எழுப்பிப் பாருங்கோ. எழுப்பியும் ‘ம்’ வரேல்லை எண்டால், கதையை அப்பிடியே விட்டிட்டு மருதனார்மடத்திலை என்ரை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வாங்கோ."

எனக்கு வாய்த்த ஒரே வித்தை அதுதான் அக்கா. வேலையில்லாதவன் என்று ஊர் சிரிக்கும் அந்த வாயைத்தான் நீங்கள் மருந்தாக எழுதிக் கொடுத்தீர்கள்.

நான் சண்டிலிப்பாய்க்குப் பெண் பார்க்கப் போன ஒரு மாட்டின் கதையைத் தொடங்கினேன். அது நானே கட்டினது, முடிவே இல்லாத கதை. வழியில் காணுகிற தோட்டத்தையெல்லாம் மேய்ந்து கொண்டே போகும் மாடு. வதனி ‘ம்’ என்பாள், தவமணி கரண்டியை வைப்பாள். முதல்நாள் நல்லாய்த்தான் போனது. அடுத்தநாள் காலமை ‘ம்’ மெலிந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம், மாடு ஒரு வெங்காயத் தோட்டத்துக்குள் இறங்கின இடத்தில், நான் நிறுத்தினேன். சத்தம் இல்லை. கன்னத்தைத் தட்டினேன். உள்ளங்காலைச் சுரண்டினேன். தவமணி பிள்ளையின் சட்டையை உயர்த்தினாள். விலாவுக்குக் கீழே குழி.

நான் சைக்கிளை எடுத்தேன். அவள் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு எழும்பாமல் இருந்தாள். தண்ணீர் வார்க்கவில்லை, தண்ணீர் வார்க்கவில்லை என்பதைத் தவிர வேறு சொல் அவள் வாயில் இல்லை. அவளை இழுத்துக்கொண்டு போக எனக்குக் கை வரவில்லை. அவள் கண்ணில் தம்பி நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறியள்? நாலு ஊருக்குக் கதை சொன்ன எனக்கு அந்த நேரம் ஒரு வசனம் வரவில்லை. "விடாய்" என்று மட்டும் சொன்னேன். "டொக்டரக்கா சொன்னவ, அம்மாளுக்கு விடாய் எண்டு."

அவள் எழும்பினாள். நேரே படலைக்கு நடந்தாள். கட்டியிருந்த வேப்பங்கொப்பை அவிழ்த்துப் பிள்ளையின் நெஞ்சில் வைத்துச் சீலைத் தலைப்பால் மூடினாள். சைக்கிள் கரியரில் ஏறி இருந்தாள்.

"அம்மாளும் எங்களோடை வரட்டும்" என்றாள். "மிதியுங்கோ."

அந்த வெயிலில் எந்தத் தெருவால் வந்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. உங்கள் வீட்டு முன்னறையில் ஊசி போட்டீர்கள். ஒரு துளி ஒரு துளியாகச் சீனித்தண்ணீர் விட்டீர்கள். மண்ணெண்ணெயில் ஓடுகிற வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து, புகையும் இருமலுமாகப் பெரியாஸ்பத்திரிக்கு எங்களோடு நீங்களும் வந்தீர்கள். அங்கே ஒரு தாதி மிஸ்ஸி, பிள்ளையின் நெஞ்சில் கிடந்த கொப்பைக் குப்பை என்று எடுக்கப் பார்த்தா.

"அதை விடும் பிள்ளை. அவையோடை வந்த ஆள்" என்றீர்கள். வேப்பங்கொப்பு கட்டிலின் தலைமாட்டில் கட்டப்பட்டது. அதற்குப் பிறகுதான் தவமணி பிள்ளையை உங்கள் கையில் முழுதாகத் தந்தாள். சளிச்சுரம் நெஞ்சில் இறங்கிவிட்டது, இன்னும் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று நீங்கள் எங்களிடம் சொன்னது, வதனி கண் திறந்த பிறகுதான். திறந்ததும், "அந்த மாடு வெங்காயம் திண்டதோ அப்பா" என்று கேட்டாள். நான் வார்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

குணமான பிறகு வீட்டுக்கு வந்து தண்ணீர் வார்த்தோம். நீங்களும் வந்தீர்கள். தவமணிதான் உங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போய் இருத்திப் பொங்கல் தந்தாள்.

எங்கள் பக்கத்துத் தாய்மார் இப்போது ஒருவரை ஒருவர் கண்டால், "பிள்ளை ‘ம்’ கொட்டுதோ?" என்று விசாரிக்கிறார்கள். கதை கேட்கிறதோ என்பதற்கு அல்ல. சுகமோ என்பதற்கு. நீங்கள் எங்களுக்கு மருந்தைவிடப் பார்க்கக் கற்றுத்தந்தீர்கள். எங்கள் பிள்ளைகளின் நெஞ்சையெல்லாம் குனிந்து பார்த்த நீங்கள், உங்கள் உயிரைக் கொண்டுபோன அந்த நெஞ்சு நோவை யாரிடம் சொன்னீர்கள் அக்கா? கப்பலில் மருந்து வரட்டும் பார்ப்போம் என்று இருந்துவிட்டீர்களா? பக்கத்தில் ஒருவரும் குனிந்து பார்க்கவில்லையா?

வதனி மூன்றாம் வகுப்பு. முன்பல் விழுந்துவிட்டது. அவளுக்கு இப்போது என் கதையில் பிழை பிடிப்பதுதான் வேலை. உங்கள் இடத்துக்கு ஒரு சின்ன டொக்டர் தம்பி வருகிறார். நல்ல பிள்ளை, கொஞ்சம் அவசரம். தாய்மார் அவரிடம் வாய் திறக்கப் பயப்படுகிறார்கள். போன கிழமை தராசுக்குப் பாதிப் பிள்ளைகளும் வரவில்லை.

ஆகையால் அக்கா, உங்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். அந்தத் தம்பி வருகிற நாளில் நான் தோட்டத்துக்குப் போகமாட்டேன். வீடு வீடாகப் போய்ப் பயந்து நிற்கிற தாய்மாரைக் கூட்டிக்கொண்டு வருவேன். அவர்கள் சொல்லத் தயங்குவதை நான் சொல்லிக் கொடுப்பேன். அவரையும் படலைக்குள் எப்படிக் கால் வைப்பது என்று மெல்லமாய்ப் பழக்கி எடுப்பேன். என் உடம்பில் சைக்கிள் மிதிக்கப் பலம் இருக்கும் மட்டும் இந்த ஊரில் ஒரு பிள்ளை

பொறும் தவமணி, ஒழுங்கையில் யாரோ கூப்பிடுகினம். மேற்கு வீட்டுப் பிள்ளையின் தாய் போலை கிடக்கு, காய்ச்சலாம் எண்டு காலமை சொன்னவள். சைக்கிள் பூட்டுத் திறப்பை எடும். அக்கா, நான் சொல்ல வந்தது என்னவெண்டால், இந்த

இப்படிக்கு,
உங்கள் கூடப்பிறவாத தம்பி செல்லத்துரை. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேற்கு வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்காகவும் எனக்காகவும் கையெழுத்து வைக்கிறது, அன்றைக்குக் கதவைத் திறந்த உங்கள் தங்கச்சி தவமணி.