நாய் குறுக்கே வந்தது என்று சொன்னீர்கள்

அக்கா,

இன்று காலை நெல் கொள்முதல் நிலையத்தில் டோக்கன் போட நிலத்துச் சிட்டாவும் அடங்கலும் கேட்டார்கள். பீரோவின் அடித்தட்டில் கையை விட்டுத் துழாவியபோது பட்டா நகலுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பழுப்பு உறை வந்தது. உங்கள் எக்ஸ்ரே. கடைசித் தடவை தஞ்சாவூரில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று, பஸ்ஸில் என் மடியில் வைத்திருந்தேன். உங்களை வீட்டில் விட்டுவிட்டு அதை என்னோடு கொண்டுவந்துவிட்டேன் போலிருக்கிறது. நீங்களும் கேட்கவில்லை.

ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். தோளில் ஒரு நீளத் தகடு, அதில் வரிசையாகத் திருகாணிகள். முழங்கையில் எலும்புக்கு இரண்டு பக்கமும் தகடு. எலும்பெல்லாம் புகை மாதிரி மங்கலாக இருக்க, தகடுகள் மட்டும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தன. மூலையில் உங்கள் பெயர், வயது, வலது கை என்று எழுதியிருந்தது. வரும் ஐப்பசியோடு நீங்கள் போய் ஒரு வருஷம். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். வரவில்லை. உறையைக் கட்டிலில் போட்டுவிட்டுச் சிட்டாவைத் தேடினேன்.

உங்களிடம் முதலில் வந்தது ஒரு கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்க. பாபநாசத்தில் உங்கள் வீட்டு முன்னறைதான் கடை. நீங்கள் டேப்பைச் சுற்றியதும் நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன். "மூச்ச விடுடி. உள்ள அளவுக்குத்தான் சட்டை வரும்" என்றீர்கள். உங்கள் வீட்டுக்காரர் இறந்து, மகள் நஸ்ரினை வைத்துக்கொண்டு தனியாக இருந்தீர்கள். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகை நிலத்தை நான் ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உரம் வாங்க வந்தால் உங்கள் வீட்டில் டீ குடிக்காமல் போனதில்லை. ஜாக்கெட் மட்டுமா தைத்துக் கொடுத்தீர்கள்? நெல் மூடும் படுதா கிழிந்தபோது, "இதையெல்லாம் மெஷின்ல ஓட்டினா ஊசி ஒடியும்டி" என்று திட்டிக்கொண்டே, ஓரம் முழுக்க மடித்துச் சிவப்பு நூலில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தீர்கள்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய புரட்டாசி. குறுவை அறுத்த கையோடு நெல்லைக் கொண்டுபோனேன். கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்த்தவர் தலையை ஆட்டினார். "ஈரம் கூட இருக்கும்மா. காய வெச்சுக் கொண்டாங்க." ஊர்க் களத்தில் எனக்கு முன்னால் வந்தவர்கள் நெல் கொட்டியிருந்தார்கள். கால் வைக்க இடமில்லை. எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். எங்கள் ஊருக்குப் பிரியும் தார் ரோட்டில் பாதியை அடைத்து நெல்லைப் பரப்பினேன். ஓரத்தில் செங்கல் வைத்தேன். மழை வந்தால் மூட வேண்டுமே என்று படுதாவைப் பக்கத்திலேயே போட்டேன். வெயில் ஏறியதும் ஒரு தடவை காலால் கிளறிவிட்டு, ஒரு வாய் சாப்பிட்டு வரலாம் என்று வீட்டுக்குப் போனேன்.

திரும்பி வரும்போது ரோட்டில் கூட்டம். நான் முதலில் பார்த்தது நெல்லைத்தான், அக்கா. இதை யாரிடமும் சொன்னதில்லை. நெல்லின் குறுக்கே தார் தெரிகிற மாதிரி ஒரு நீளக் கீறல். ஒரு பக்கம் செங்கல் சிதறி, நெல் வாய்க்கால் சரிவில் கொட்டிக் கிடந்தது. எவ்வளவு வீணாகியிருக்கும் என்று மனம் கணக்குப் போட்டது. அப்புறம்தான் சாய்ந்து கிடந்த ஸ்கூட்டியைப் பார்த்தேன். அதற்கும் அப்புறம்தான் உங்களை.

எதிரே மினிபஸ் வந்திருக்கிறது. நீங்கள் இடப்பக்கம் ஒதுங்க, சக்கரம் நெல்லில் ஏறிச் சறுக்கிவிட்டது. வலக்கையை ஊன்றி விழுந்திருக்கிறீர்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர், "யாரு நெல்லு இது? நடுரோட்டுல கொட்டி வெச்சா மனுஷன் எங்க போறது?" என்று கத்தினார். எங்கள் ஊர்க்காரர்கள் நாலு பேர் நின்றார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்ததும், "எங்க அக்காதான்" என்று சொல்லி ஏறிக்கொண்டேன்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் நோட்டை வைத்துக்கொண்டு, "எப்படிம்மா விழுந்தீங்க?" என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். நீங்கள் கண்ணைத் திறக்காமல் சொன்னீர்கள்: "நாய் குறுக்க வந்துச்சு. பிரேக் புடிச்சேன், வண்டி சறுக்கிருச்சு." அதிர்ச்சியில் ஏதோ சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க விரும்பினேனா தெரியவில்லை.  உங்களை எக்ஸ்ரே எடுக்க உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது நான் வெளியே நின்று பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தேன். "நெல்லைக் கூட்டி அள்ளிருங்க. மேக்க கருக்குது."

வீக்கம் வடியட்டும் என்று நாலு நாள் காத்திருக்கச் சொன்னார் டாக்டர். திருச்சியில் படித்துக்கொண்டிருந்த நஸ்ரின் வந்து சேர்ந்தாள். டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் படத்தைக் காட்டினார். மேல்கை எலும்பின் தலை தோள்கிட்டே உடைந்து சரிந்துவிட்டது. முழங்கைக்கு மேலே அதே எலும்பு மூன்று துண்டாகக் கிடக்கிறது. "தகடு வெச்சுத் திருகி நிறுத்திடலாம். ஆனா எலும்பு கூடுறது பாதி வேலைதான். முழங்கை ரொம்ப ரோஷக்காரப் பய. சும்மா வெச்சிருந்தா இறுகிப்போவான். வலிச்சாலும் மடக்கி நீட்டணும்." முழங்கையை இடித்துக்கொண்டால் சுரீரென்று ஷாக் அடிக்குமே, அந்த நரம்பும் நசுங்கியிருக்கிறது, சுண்டுவிரல் கொஞ்ச நாள் மரத்திருக்கும், சில பேருக்கு அப்படியே நின்றும்விடும் என்றார். முழுசாகப் பழைய கை வருமா என்று நஸ்ரின் கேட்டாள். "சோறு, பொத்தான், தலை. சாப்பிட, சட்டை போட, தலை வாரிக்க. இந்த மூணும் வந்துட்டா நமக்கு ஜெயம்" என்றார்.

நஸ்ரின் கையெழுத்துப் போட்டாள். ஆபரேஷன் காலையில் ஆரம்பித்து மதியத்துக்கு மேல்தான் முடிந்தது.

பரீட்சைக்காக அவள் திரும்பிப் போன பிறகு நான்தான் தினமும் உங்கள் வீட்டுக்கு வந்தேன். மத்தியானம் வயல் வேலை முடித்து நாலு மணி பஸ்ஸில் வருவேன். கதவு நிலையில் கப்பி மாட்டிக் கயிறு போட்டிருந்தோம். இடக்கையால் நீங்கள் கயிற்றை இழுத்தால் வலக்கை மேலே போகும். தோள் உயரத்துக்கு வந்ததும் நின்றுவிடும். பிறகு முழங்கை. நான் பிடித்து மடக்குவேன். முந்தானையைக் கடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று நீங்களே சொல்வீர்கள். பிசியோதெரபி சொல்லிக் கொடுத்தவர் பத்து தடவை என்றால் நான் இருபது செய்தேன். எனக்குப் பொறுமை அதிகம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

சோறு நாலாம் மாதம் வந்தது. பொத்தான் ஆறாம் மாதம். தலை வரவில்லை. கை காதுவரைகூடப் போகவில்லை. அதனால் சாயங்காலம் உங்கள் தலையை நான் வாரிப் பின்னினேன். மகள் வந்திருந்தாலும், "அவ இழுத்துப் பிடுங்குவா, நீயே வா" என்பீர்கள்.

ஒரு நாள் நான் வரும்போது மெஷினில் உட்கார்ந்திருந்தீர்கள். வெள்ளை ஜாக்கெட், யாரோ டீச்சருடையது. துணியை நகர்த்திக்கொண்டே, "பாரு, ஓடுது பாரு" என்று சிரித்தீர்கள். துணியில் சிவப்பாக ஒரு பொட்டு பரவியது. எனக்குப் புரிவதற்குள் அது பெரிதானது. ஊசி உங்கள் சுண்டுவிரலில் ஏறியிருந்தது. உங்களுக்குத் தெரியவே இல்லை. விரலைத் தூக்கி, வேறு யாருடையதோ மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.  நான் துணி சுற்றிக் கட்டினேன். அந்த டீச்சருக்குப் புதுத்துணி வாங்கிக் கொடுத்தோம். அதோடு மெஷினுக்கு உறை போட்டுவிட்டீர்கள்.

அடுத்த வாரமோ, அதற்கடுத்த வாரமோ. வாசல் படியில் நீங்கள் கீழே, நான் மேலே உட்கார்ந்து சிக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். தெருவைப் பார்த்தபடியே கேட்டீர்கள்.

"அன்னிக்கு அந்த நெல்லு காஞ்சுச்சா?"

சீப்பு நின்றுவிட்டது. "எந்த நெல்லுக்கா?"

"நடிக்காதடி. எடுத்துக்கிட்டாங்களா, இல்லையா?"

"எடுத்துக்கிட்டாங்க."

"ம். ரெண்டு நாள்ல மழை புடிச்சுக்கிச்சே, என்ன ஆச்சோன்னு நெனச்சேன்."

 "எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஒருக்களிச்சுக் கெடக்கறேன், கண்ணுக்கு நேரா உன் படுதா. என் தையல் எனக்குத் தெரியாதா?"

"அக்கா..."

"சிக்க எடு. வலிக்காம எடு."

எடுத்தேன். பின்னி முடித்து ரப்பர் பேண்டு போட்டேன். டீ போட்டுக் கொடுத்துவிட்டு ஆறு மணி பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தீர்கள். எத்தனையோ சாயங்காலம் கையில் சீப்போடு உங்கள் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவை வாயைத் திறந்து, தப்புதான் அக்கா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீங்கள் எனக்காக ஒரு பொய் சொன்னீர்கள், அது எனக்கு வசதியாக இருந்தது. என்னை மன்னித்துவிட்டீர்கள் என்று பல நாள் நினைத்துக்கொண்டேன். மன்னித்தவர் எதற்கு என் முகத்தைப் பார்க்காமல் அதைக் கேட்க வேண்டும் என்றும் நினைத்திருக்கிறேன். இனி தெரியப்போவதில்லை.

போன ஐப்பசியில் விடிகாலை நெஞ்சுவலி என்று கார் வைத்துக் கிளம்பியிருக்கிறார்கள். தஞ்சாவூர் போய்ச் சேரவில்லை. நான் வந்தபோது பெண்கள் உங்களைக் குளிப்பாட்ட உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். மழை. வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நஸ்ரின் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள். "கைய நீட்டி வைக்கப் பாத்தாங்க, சித்தி. நீள மாட்டேங்குது. அப்படியே விட்டுட்டோம்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். யாரோ காபி கொடுத்தார்கள், குடித்தேன். அன்றும் அழவில்லை. மறுநாள் நாற்றுக்குத் தண்ணீர் வடித்தேன்.

இன்று டோக்கனை வாங்கிக்கொண்டு எக்ஸ்ரே உறையோடு உங்கள் வீட்டுக்குப் போனேன். மெஷின் ஓடும் சத்தம் தெருவிலேயே கேட்டது. நஸ்ரின் படிப்பை முடித்துவிட்டு இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிறாள். உறையை மெஷின் பலகையில் வைத்தேன். என்ன என்று நிமிர்ந்தாள்.

"நஸ்ரின், நாய் ஒண்ணும் வரல அன்னிக்கு. ரோட்டுல நெல்லு கெடந்துச்சு. என் நெல்லு."

மெஷின் நின்றது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"விழுந்த நிமிஷத்துலேருந்து."

அவள் உறையைத் திறக்கவில்லை. நூலைக் கத்தரித்து, தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தாள். திரும்ப விரித்து மறுபடி மடித்தாள். "அம்மா இருக்கறப்பவே சொல்லியிருக்கலாம்ல? நானும் அம்மாவும் சேர்ந்து உங்கள நல்லா திட்டியிருப்போம். ரெண்டு நாள் பேசாம இருந்துட்டு அப்புறம் சரியாயிருப்போம். இப்ப நான் ஒருத்தி என்ன சித்தி பண்றது?"

 எழுந்து போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் போயிருப்பேன். அவள் உள்ளே போனாள். குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஈர முகத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஆம்புலன்ஸ்ல அம்மா அழுதாங்களா? நீங்க மட்டும்தான் கூட இருந்தீங்க."

நீங்கள் அழவில்லை என்று சொன்னேன். ஆம்புலன்ஸ்காரர் கையைப் பலகையில் வைத்துக் கட்டும்போது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தீர்கள், முந்தானை சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டீர்கள் என்று சொன்னேன். முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இடக்கையை நீட்டி என் மோவாயைப் பிடித்துத் திருப்பினீர்கள். "கையப் பாக்காத வசந்தா, பயந்துருவ. என் மூஞ்சியப் பாரு" என்றீர்கள்.

நஸ்ரின் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளைத் தொடலாமா என்று தெரியவில்லை, தொடவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். நாளைக்கு வாங்க என்று சொல்லவில்லை, வராதீர்கள் என்றும் சொல்லவில்லை.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நீங்கள் சொன்னதைச் செய்துபார்த்தேன், அக்கா. கண்ணை மூடிக்கொண்டு உங்கள் முகத்தை நினைத்தேன். தோளிலிருந்து இறங்கும் நீளத் தழும்பு வந்தது. முழங்கைக்குப் பின்னால் இருந்த தையல் புள்ளிகள், நீளாமல் நின்ற அந்த வளைவு, ரத்தம் கசிந்த சுண்டுவிரல் எல்லாம் ஒன்று விடாமல் வந்தன. இப்போது எழுதும்போதும் முகத்தைத்தான் தேடுகிறேன். கைதான் வருகிறது.