எல்டர்ஃபோல்ட் ஊர் மணி

அன்புள்ள அம்மா,

உங்கள் முழங்கால் வலி இப்போது தேவலையா? அப்பாவுக்கு இருமல் நின்றதா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன்.

இந்த ஊரில் முதல் பத்து வீடுகள் எழுந்த காலத்தில் வார்த்த மணி, அறுநூறு வருஷமாகத் தேவாலயக் கோபுரத்தில் தொங்குகிறது. சத்தம் கரகரக்கிறது என்று அதை உருக்க முடிவு செய்து, கழற்றித்தர என்னை அழைத்திருந்தார்கள். மேலே ஏறித் தட்டிப் பார்த்தேன். மணியில் ஒரு குறையும் இல்லை; உள்ளே அடிக்கும் நாக்குதான் தேய்ந்திருந்தது.

தேவாலய நிர்வாகி பார்கெட்டர், "விரிசல் விட்ட மணிம்மா, பேசாம கழட்டு" என்றார்.

"விரிசல் மணியில இல்லய்யா, உங்க காதுலதான். ரெண்டு நாள் குடுங்க" என்றேன்.

நாக்கை மாற்றும்போது கட்டைவிரல் லேசாக நசுங்கியது. பயப்படாதீர்கள், நகம் முளைத்துவிடும். நேற்றுக் காலை மணியை அடித்தேன். வயலில் நின்றவர்கள்கூடத் தொப்பியைக் கழற்றினார்கள். பார்கெட்டர் மெதுவாக, "இன்னொரு தடவ அடிம்மா" என்றார்.

கம்பளிக் கையுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். கடிதம் கொஞ்சம் நீளமாகவே எழுதுங்கள். இங்கே எல்லோருக்கும் நான் 'மணிக்காரம்மா'. வின்னி என்று கூப்பிட ஆளில்லை. அந்தப் பெயரை இரண்டு மூன்று இடத்தில் சேர்த்து எழுதுங்கள்.

தபால் வண்டி வந்துவிட்டது.

உங்கள்
வின்னி